எந்தக் காலணி நல்லது? உங்கள் பாதத்திடம் கேளுங்கள்

சென்ற ஆண்டு நாஃபா உடலுறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவர் ஒருவர் அறிவியல் பாடம் முடிந்ததும் என்னிடம் வந்தார். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் எப்படியாவது ‘ஏ’ நிலையை எட்டவேண்டும் என்று தினமும் மாலையில் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் ஓரத்தில் வலி. கைப்பேசியில் ஒரு காலணியின் படத்தைக் காட்டினார். விலை 300 வெள்ளிக்கு மேல்.

“சார், தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மீதியை அப்பாவிடம் கேட்கலாம். இதை வாங்கினால் வலி போய்விடுமா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய கேள்விக்குள் விசை, முடுக்கம், ஆற்றல் என்று வகுப்பில் படிக்கும் பாடங்கள் பலவும் ஒளிந்திருந்தன. நீங்களும் அன்றாட மெதுவோட்டத்துக்குக் காலணி வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் அந்தப் பாடங்களை ஒரு முறை பார்த்துவிடுவோம்.

ஒவ்வோர் அடியும் ஒரு மோதல்

நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது அப்படியில்லை. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு கணம் இரண்டு கால்களுமே காற்றில் இருக்கின்றன. உடல் சற்று மேலே எழும்பி, மீண்டும் கீழே விழுகிறது. அப்படி விழும் உடலைத் தரை நிறுத்தி மறுபடியும் மேலே தள்ள வேண்டும்.

நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? நீங்கள் தரையை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறீர்களோ, அதே அளவு விசையுடன் தரையும் உங்களைத் தள்ளுகிறது. மெதுவாக ஓடும்போதுகூட இந்த விசையின் உச்சம் உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை மடங்கு வரை போகும். உங்கள் நிறை 50 கிலோகிராம் என்றால் எடை சுமார் 500 நியூட்டன். அப்படியானால் ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் 1,000 முதல் 1,250 நியூட்டன் வரை தாங்குகிறது.

நிமிடத்துக்கு 160 அடி வைத்து, 5 கிலோமீட்டரை 35 நிமிடத்தில் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,600 அடிகள். ஒரு காலுக்கு 2,800 மோதல்கள். காலணியின் மெத்தை ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும்.

முட்டையும் தலையணையும்

50 கிராம் முட்டை ஒன்றை 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறோம். கீழே வந்து சேரும்போது அதன் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். தரையில் விழுந்தாலும் தலையணையில் விழுந்தாலும் அந்த வேகம் சுழியாக வேண்டும். அதில் மாற்றமில்லை. நிற்பதற்கு ஆகும் நேரம்தான் மாறுகிறது.

கல் தரையில் 0.005 விநாடியில் நின்றால், முடுக்கம் 5 ÷ 0.005 = 1,000 மீ/வி². விசை = நிறை × முடுக்கம் = 0.05 × 1,000 = 50 நியூட்டன். முட்டை உடைந்துவிடும்.

தலையணையில் 0.1 விநாடியில் நின்றால், முடுக்கம் 50 மீ/வி². விசை 2.5 நியூட்டன் மட்டுமே. முட்டை தப்பிக்கும்.

மெத்தையின் வேலை இவ்வளவுதான். அது மோதலை மாயமாக்குவதில்லை. மோதல் நடக்கும் நேரத்தை நீட்டுகிறது. கூடவே, பாதத்தின் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கி, விசையை அதிகப் பரப்பில் பரப்புகிறது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும்.

நுரைக்குள் என்ன இருக்கிறது?

காலணியின் மேல்துணிக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் இடையில் தடித்த நுரைப் பகுதி ஒன்று இருக்கிறது. ‘மிட்சோல்’ என்று கடையில் சொல்வார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சிறு வாயுக் குமிழ்கள் இருக்கின்றன. நீங்கள் மிதிக்கும்போது குமிழ்களின் சுவர் வளைகிறது, உள்ளிருக்கும் வாயு இறுகுகிறது. காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

1970களின் நடுப்பகுதியில் ஓட்டக் காலணிகளுக்குள் வந்த நுரை ‘ஈவிஏ’, அதாவது எத்திலீன் வினைல் அசிட்டேட். இன்றும் குறைந்த விலைக் காலணிகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. 2013இல் அடிடாஸ் நிறுவனம் ‘டிபியு’ மணிகளை ஒட்டிச் செய்த நுரையைக் கொண்டுவந்தது. 2017இல் நைக்கி நிறுவனத்தின் பந்தயக் காலணியில் ‘பெபா’ என்ற இன்னும் இலேசான நுரை வந்தது.

இவற்றின் வேறுபாடு, அமுக்கும்போது கொடுத்த ஆற்றலில் எவ்வளவைத் திருப்பித் தருகின்றன என்பதில் இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று பந்தயக் காலணிகளைப் பொறியில் வைத்து அமுக்கிப் பார்த்தார்கள். ‘ஈவிஏ’ காலணி ஏறத்தாழ 65 விழுக்காடும், ‘டிபியு’ காலணி 76 விழுக்காடும், ‘பெபா’ காலணி 87 விழுக்காடும் திருப்பித் தந்தன. மீதி ஆற்றல் அழியவில்லை. பெரும்பாலும் வெப்பமாக மாறிவிட்டது.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பஞ்சு, ரப்பர் செருப்பு, காலணியின் உள்ளட்டை ஆகியவற்றைத் தரையில் வையுங்கள். 50 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டை ஒவ்வொன்றின் மீதும் விடுங்கள். எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று கைப்பேசியில் மெதுவியக்கக் காணொளி எடுத்து அளந்து பாருங்கள். எழும்பிய உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்தால், திரும்பி வந்த ஆற்றலின் பங்கு கிடைக்கும். ஸ்பஞ்சு மிக மென்மையானது, ஆனாலும் குண்டு அதிலிருந்து அவ்வளவாக எழும்பாது. மென்மை வேறு, துள்ளல் வேறு என்று அப்போது தெரிந்துகொள்வீர்கள்.

நம் காலும் ஒரு சுருள்வில்

காலணி விளம்பரங்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. உங்கள் காலுக்குள்ளேயே இதைவிடப் பெரிய சுருள்வில் இருக்கிறது. 1987இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த கணக்கின்படி, 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 35 ஜூல் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. பாத வளைவு சுமார் 17 ஜூலைச் சேர்க்கிறது.

இந்தச் சுருள்வில் தன் இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். கல் தரையில் குதித்துப் பாருங்கள். முழங்கால் நன்றாக மடியும். கட்டில் மெத்தையில் குதித்தால் அவ்வளவு மடியாது. தரை மென்மையாக இருந்தால் கால் விறைத்துக்கொள்கிறது. தரை கடினமாக இருந்தால் தளர்ந்துகொள்கிறது. ஓடுபவர்கள் புதிய தரையில் வைக்கும் முதல் அடியிலேயே இந்த மாற்றத்தைச் செய்துவிடுகிறார்கள் என்று 1990களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆகவே அதிர்ச்சியைத் தாங்குவது காலணி மட்டும் அல்ல. காலும் காலணியும் சேர்ந்து தாங்குகின்றன. ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும்.

மெத்தை கூடினால் நல்லதா?

2009இல் பிரான்சில் தொடங்கிய ஹோக்கா நிறுவனம் மிகத் தடித்த மெத்தையுள்ள காலணிகளைப் பரப்பியது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதே பாதையில் போயின. 2020இல் உலகத் தடகள அமைப்பு, சாலைப் போட்டிகளில் அணியும் காலணியின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வகுக்கும் அளவுக்கு உயரம் கூடிவிட்டது.

தடிப்பு கூடினால் மோதல் குறையும் என்றுதான் எதிர்பார்ப்போம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. 12 ஆண்கள் சாதாரணக் காலணியிலும் மிகத் தடித்த மெத்தைக் காலணியிலும் ஓடினார்கள். மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில், தடித்த காலணியில் தொடக்க மோதல் விசை 10.7 விழுக்காடு அதிகமாக இருந்தது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வேறுபாடு குறைந்து 6.4 விழுக்காடாக இருந்தது. காரணம், மெத்தையை நம்பிக் கால் விறைத்துக்கொண்டது.

அப்படியானால் மெத்தை வீணா? அவசரப்பட வேண்டாம். 2020இல் லக்சம்பர்க் ஆய்வாளர்கள், பொழுதுபோக்காக ஓடும் 800க்கும் மேற்பட்டவர்களை ஆறு மாதம் கவனித்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் காலணிகளில் பாதிப்பேருக்கு மென்மையான வகையும், மற்றவர்களுக்குக் கடினமான வகையும் கொடுத்தார்கள். எது யாருக்கு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. கடினமான காலணி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது.

முதல் ஆய்வு அளந்தது ஓர் அடியின் விசையை. இரண்டாவது ஆய்வு எண்ணியது ஆறு மாதக் காயங்களை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். செய்தித்தாளில் “ஆய்வு நிரூபித்தது” என்று படிக்கும்போது, எதை அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

பாதமே அளவுகருவி

சரி, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு உதவும். 206 இராணுவத்தினர் பங்கேற்றார்கள். காலணிக்குள் வைக்கும் ஆறு வகை அட்டைகளைச் சோதித்து, தங்களுக்கு எது வசதியோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே அட்டை வசதியாக இருக்கவில்லை. ஆனால் தமக்கு வசதியானதை அணிந்தவர்களுக்கு, அட்டை இல்லாதவர்களைவிடக் காயம் குறைவாக இருந்தது.

அந்த ஆய்வாளர்களுள் ஒருவரான பென்னோ நிக் பின்னர் 2015இல் இந்தக் கருத்தை விரிவாக எழுதினார்: வசதியாகத் தோன்றும் காலணியைத் தேர்ந்தெடுப்பவர், தம் உடல் இயல்பாக அசைய விரும்பும் வழியைத் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்தெடுக்கிறார். உங்கள் நண்பருக்குப் பொருந்திய காலணி உங்களுக்கும் பொருந்த வேண்டியதில்லை.

கடையில் என்ன செய்யவேண்டும்?

மாலையில் போங்கள். நாள் முழுதும் நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடும்போது போடும் காலுறையையே போட்டுக்கொள்ளுங்கள்.

எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பாதத்தின் அகலமான பகுதி பிதுங்கக்கூடாது. குதிகால் உள்ளே வழுக்கக்கூடாது. உங்களுக்கு வளரும் வயது. சென்ற ஆண்டின் அளவை நம்பாமல் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு மூன்று வகைகளை மாற்றி மாற்றிப் போட்டு, கடைக்குள்ளேயே மெல்ல ஓடிப் பாருங்கள். ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். மிக உயரமான, மிக மென்மையான காலணியில் கணுக்கால் தள்ளாடினால் அதை வைத்துவிடுங்கள். “பழகிவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் நிமிடத்திலேயே வசதியாக இருக்கவேண்டும். விலைச்சீட்டைக் கடைசியில் பாருங்கள். கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த காலணிகள் பந்தய வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. தினசரி மெதுவோட்டத்துக்கு அவை தேவையில்லை.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் புதிய காலணிக்கு மாறச் சொல்வது வழக்கம். நம் ஊரின் ஈரப்பதத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. அலமாரியில் பல ஆண்டு தூங்கிய காலணியை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பாலியூரித்தேன் வகை நுரையை நீர்மூலக்கூறுகள் மெல்ல மெல்ல உடைத்துவிடுகின்றன. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். நனைந்த காலணியைக் காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள்.

அந்த மாணவருக்கு என்ன ஆயிற்று?

அவர் அணிந்திருந்த காலணியைக் கழற்றச் சொன்னேன். இரண்டு ஆண்டுப் பழையது. பெருவிரல் முனையில் இடித்துக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமாக, முன்பு ஓடியே பழக்கமில்லாதவர் திடீரென்று தினமும் 5 கிலோமீட்டர் ஓடத் தொடங்கியிருந்தார். எலும்பும் தசையும் பலம் பெற அவகாசமே கிடைக்கவில்லை. எலும்பின் ஓரிடத்தைத் தொட்டாலே வலித்தால், ஓடாதபோதும் வலித்தால், அதைத் தாங்கிக்கொண்டு ஓடக்கூடாது. எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். எனவே உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி, பெற்றோருடன் பலதுறை மருந்தகத்துக்குப் போகச் சொன்னேன். விரிசல் இல்லை. இரண்டு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.

பிறகு அவர் தள்ளுபடியில் 100 வெள்ளிக்கும் குறைவான மெத்தைக் காலணி ஒன்றை, ஓர் அளவு பெரியதாக வாங்கினார். வாரம் மூன்று நாள், முதலில் 2 கிலோமீட்டர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். வலி போய்விட்டது.

“காலணிதான் சார் சரிசெய்தது!” என்றார்.

“எத்தனை மாறிகளை மாற்றினாய்?” என்று கேட்டேன்.

விரல்விட்டு எண்ணினார். ஓய்வு, காலணி, தூரம், நாள்கள். “நான்கு, சார்,” என்று சொல்லிச் சிரித்தார். நான்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் பாராட்டுக் கொடுக்க முடியாது என்பது அவருக்கே புரிந்துவிட்டது.

தேர்வில் அவருக்கு ‘ஏ’ கிடைக்கவில்லை; ‘பி’ கிடைத்தது. ஆனால் தேர்வு முடிந்து இத்தனை மாதமாகியும், எங்கள் பேட்டையின் பூங்கா இணைப்புப் பாதையில் மாலை வேளைகளில் அவர் ஓடுவதைப் பார்க்கிறேன். அருகில் ஓடும் நண்பருடன் பேசிக்கொண்டே ஓடுகிறார். மெதுவோட்டம் என்றால் அந்த வேகம்தான்.