கறுப்புக் கண்ணாடி: நிறம் பொருந்தும், கணக்கு பொருந்துமா?

தில்லி கரோல் பாக்கிலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் உள்ள கார் அலங்காரக் கடைகளுக்குக் கோடைதான் சீசன். புதிதாகப் பிக்-அப் வாங்கியவர் கேட்பதும் பழைய மாருதிக்காரர் கேட்பதும் ஒன்றுதான்: ஜன்னலில் ஒட்டும் ஃபிலிம், கம்பெனிக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒட்டியதே தெரியக்கூடாது.

கேட்பது சுலபம். கம்பெனிக் கண்ணாடியின் நிறம் மேல்பூச்சு அல்ல; கண்ணாடியை உருக்கும்போதே கலக்கப்படும் உலோகச் சேர்மங்கள் தருவது. இரும்பு பச்சைச் சாயல் தரும். கோபால்ட்டும் செலினியமும் சேர்ந்தால் சாம்பல் பக்கம் இழுக்கும். ஃபிலிமோ உட்புறம் ஒட்டப்படும் மெல்லிய பாலியஸ்டர் தாள். பச்சைச் சாயலுள்ள கண்ணாடியில் கரிநிற ஃபிலிமை ஒட்டினால் நிழலில் ஒரு நிறம், வெயிலில் இன்னொன்று. எனவே விவரமான தொழிலாளி கேட்லாக்கை நம்புவதில்லை. ஒரு துண்டு ஃபிலிமை சோப்புத் தண்ணீர் தெளித்துக் கதவுக் கண்ணாடியில் பதித்து, வண்டியை வெயிலுக்குத் தள்ளி, தூரத்தில் நின்று பார்த்துவிட்டே கத்தியை எடுக்கிறார்.

நிறம் பொருந்தினாலும் தலைவலி தீராது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 75 சதவீத ஒளியை விடும் ஜன்னலில் 70 சதவீத ஃபிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 52.5. தப்பித்தார். ஏற்கெனவே சாயமேறி 65 சதவீதம் மட்டுமே விடும் ஜன்னலில் அதே ஃபிலிம் 45.5 ஆகிவிடும். பெட்டியில் 70 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிப் பயனில்லை. மீட்டர் கண்ணாடியையும் சேர்த்துத்தான் அளக்கும். முன் கண்ணாடி நிலைமை இன்னும் மோசம். 75 சதவீதக் கண்ணாடியில் 90 சதவீத ஃபிலிம்கூட 67.5இல் கொண்டுவந்து நிறுத்தும்.

அதற்கும் முன்பாக, ஃபிலிமே ஒட்டலாமா என்ற கேள்வி இருக்கிறது. குற்றவாளிகளுக்குக் கறுப்புக் கண்ணாடி மறைவிடமாகிறது என்ற பொதுநல வழக்கில், 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எந்த அளவு ஃபிலிமும் கூடாது என்றது. மே 4 முதல் தடை அமலானது. அதே ஆண்டு டிசம்பரில் தலைநகரையே உலுக்கிய கொடூரம் நடந்த பேருந்தின் ஜன்னல்களில் ஃபிலிமும் திரைச்சீலையும் இருந்தன என்பது கசப்பான பின்குறிப்பு.

பிறகு விதியே மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தம் 'பாதுகாப்புக் கண்ணாடி' என்பதோடு, உட்புறம் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய 'கிளேசிங்' வகையையும் சேர்த்துக்கொண்டது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், ஒளி அளவு விதிக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம், அதற்காக அபராதம் போட முடியாது என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. கொச்சியில் ஒட்டிய ஃபிலிமோடு வாளையாறு தாண்டுபவருக்கு நிம்மதி உத்தரவாதமில்லை.

இத்தனை சங்கடமும் கருமைக்காக என்றால் அதுவும் வீண் ஆசைதான். வெயிலின் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் வருகிறது. சாயம் மட்டும் ஏற்றிய மலிவு ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கிறதே தவிர அகச்சிவப்பைப் பெரிதாகத் தடுப்பதில்லை. விலை கூடிய செராமிக் ஃபிலிம், பார்ப்பதற்கு வெளிறியே இருந்தாலும், அதைச் செய்கிறது. மலிவுச் சரக்கு சில கோடைகளில் ஊதா நிறமாகி, காற்றுக் குமிழ்கள் கிளம்பும். உரிக்கப் போனால், பின் கண்ணாடியில் பனிமூட்டம் நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகளும் சில நேரம் கூடவே வந்துவிடும். அதற்குக் கடைக்காரர் பொறுப்பேற்பதில்லை.