விரைவுக் கணக்கும் குடும்பப் பெயர்களும்

அறிவுலகில் ஒரு முறையைக் கண்டவரின் குடும்பப் பெயரை அம்முறைக்கே சூட்டுவது நெடுநாள் வழக்கம். முறையைப் பயன்படுத்துவோர் அதனைத் தந்தவரையும் நினைவில் வைத்திருக்க இவ்வழக்கு உதவுகிறது. ஆயினும் இதில் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. முறையை முதலில் கண்டவர் ஒருவராயிருக்க, பெயர் பெற்றவர் வேறொருவராயிருத்தல் ஒன்று. அக்குடும்பப் பெயரே அரசாணையாலோ குடிபெயர்ச்சியாலோ இடையில் வந்து ஒட்டியதாயிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்குவது, அலைகளை விரைவாகப் பகுத்தறியும் கணக்கின் வரலாறு. கைப்பேசியில் பேச்சு செல்வதற்கும், மருத்துவமனையில் காந்த அதிர்வுப் படம் எடுப்பதற்கும் இன்று துணையாய் நிற்பது இக்கணக்கே.

அலையைப் பகுத்தல்

பிரான்சு நாட்டில் ஓசேர் என்னும் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாய் 1768-இல் பிறந்தவர் ஜோசப் பூரியர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். வெப்பம் பொருள்களில் பரவும் வகையை ஆராய்ந்து 1807-இல் பாரிசு அறிஞர் அவையில் ஒரு கட்டுரை அளித்தார். எந்த வடிவமுடைய அலைவும் பல எளிய அலைகளின் கூட்டே என்பது அதன் உட்பொருள். லக்ராஞ்சு போன்ற மூத்த கணித அறிஞர்கள் இதனை ஏற்கத் தயங்கினர். 1822-இல் அவருடைய நூல் வெளிவந்த பின்னர் இக்கருத்து வேரூன்றிற்று.

வீணையின் ஒரு நரம்பை மீட்டினால் ஒரே ஒலி கேட்பதுபோல் தோன்றும். உண்மையில் அதில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் கலந்திருக்கின்றன. இவற்றில் எவ்வெவ்வதிர்வு எவ்வளவு உள்ளது எனப் பிரித்துக் காட்டுவதே பூரியர் கணக்கு. நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதையே அலைவெண் என்பர்.

கருத்து எளிது, கணக்கிடுதலோ கடினம். சம இடைவெளியில் 1,024 அளவுகள் எடுக்கப்பட்டன என்று கொள்க. ஒவ்வோர் அலைவெண்ணுக்கும் 1,024 அளவுகளையும் தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். அலைவெண்களும் 1,024 ஆதலால் பெருக்கல்கள் மட்டும் 1,048,576 ஆகிவிடும். கைக்கணக்கால் இது நடவாது. தொடக்க காலக் கணிப்பொறிகளுக்கும் பெருஞ்சுமையே.

வயலில் கண்ட வழி

இச்சுமையைக் குறைக்கும் உபாயத்தின் ஒரு வடிவம் உழவுத் துறையில் தோன்றியது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் இடத்தில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பிராங்க் யேட்ஸ், பல உரங்களை ஒரே சமயத்தில் சோதிக்கும் முறையைப் பற்றி 1937-இல் எழுதினார். அவர் காட்டிய வழியை ஒரு சிறு கற்பனைக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

நான்கு பாத்திகள். முதற்பாத்திக்கு உரமில்லை, விளைச்சல் 20. இரண்டாவதற்குத் தழைச்சத்து மட்டும், விளைச்சல் 26. மூன்றாவதற்குச் சாம்பற்சத்து மட்டும், விளைச்சல் 23. நான்காவதற்கு இரண்டும், விளைச்சல் 33. இந்நான்கு எண்களை இரண்டிரண்டாக இணைக்க. கூட்டினால் 46, 56; முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் 6, 10. இப்புதிய நான்கையும் மறுபடி அவ்வாறே இணைக்க. கூட்டினால் 102, 16. கழித்தால் 10, 4. இவற்றுள் 102 மொத்த விளைச்சல். 16 தழைச்சத்தின் பயனைக் காட்டும். 10 சாம்பற்சத்தின் பயன். 4 என்பது, இரு சத்துகளும் சேரும்போது ஒன்றற்கொன்று துணை செய்யும் அளவு.

ஒவ்வொரு விடையையும் தனித்தனியே கண்டால் மூன்று கூட்டல் கழித்தலாக மொத்தம் 12 செயல்கள் வேண்டும். இவ்வழியில் 8 போதும். சேமிப்பு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் எட்டுப் பாத்திகளாயின் 56-க்குப் பதில் 24. பாத்திகள் 1,024 ஆயின் 1,047,552-க்குப் பதில் 10,240. ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு உழைப்பு! ஒரு முறை கூட்டியதைப் பல விடைகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்துவதே இதன் இரகசியம்.

பூரியர் கணக்குக்கும் இவ்வுபாயம் பொருந்தும். அளவுகளை ஒற்றைப்படை வரிசையென்றும் இரட்டைப்படை வரிசையென்றும் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியே கணக்கிட்டு, ஒரு பாதியின் விடைகளை உரிய எண்களால் பெருக்கி மற்றதனோடு இணைக்க வேண்டும். பாதியை மேலும் பாதியாக்கலாம். ஒரே ஓர் அளவு மிஞ்சும் வரை இவ்வாறு பிரித்துக்கொண்டே போகலாம்.

பெயர்கள் பிறந்த விதம்

இனிப் பெயருக்கு வருவோமாயின், யேட்ஸ் என்பது வாயில் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஊர் வாயிலருகே வாழ்ந்த குடும்பம் அப்பெயர் பெற்றது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களை நான்கு வகையாகப் பகுப்பர்: இடத்தால் வந்தவை, தொழிலால் வந்தவை, தந்தை பெயரால் வந்தவை, பட்டப்பெயராய் வந்தவை. ஹில் என்பது குன்றருகே வாழ்ந்தோர். ஸ்மித் என்பது கொல்லர். ஜான்சன் என்பது ஜானின் மகன். ஷார்ட் என்பது குட்டையர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், நிலவுரிமையும் வரியும் எழுத்தில் ஏறவே, இத்தகைய அடைமொழிகள் மெல்ல மெல்லத் தலைமுறை மாறாத பெயர்களாக நிலைத்தன.

யேட்ஸ் கையாண்ட கூட்டல் கழித்தல் வரிசையை இன்று வால்ஷ்-ஹடமார்ட் உருமாற்றம் என்று அழைக்கின்றனர். வால்ஷ் என்பவர் 1923-இல் இதற்குரிய சார்புகளைத் தந்த அமெரிக்கக் கணித அறிஞர். அப்பெயரின் பொருள் வேல்ஸ் நாட்டார் என்பது. அயர்லாந்தில் குடியேறிய வேல்ஸ் நாட்டாரை அயலார் அவ்வாறு சுட்டினர். அச்சொல்லின் மூலமோ ‘அந்நியர்’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். பிறர் இட்ட அந்நியர் என்ற அடையாளமே பின்னர் குடும்பத்தின் பெருமைக்குரிய பெயராயிற்று. அந்த எண்பலகையை 1867-இலேயே ஆராய்ந்தவர் சில்வெஸ்டர். அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் ஜோசப் என்பதே. அமெரிக்காவுக்குச் சென்ற தமையன் சில்வெஸ்டர் என்ற பெயரை மேற்கொள்ளவே, தம்பியும் அதனை ஏற்றார்.

இப்பலகை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1971-இல் செவ்வாய்க் கோளைச் சுற்றிய மாரினர் 9 விண்கலம், படங்களைப் பூமிக்கு அனுப்பும்போது வழியில் நேரும் பிழைகளைத் திருத்த இதனையே பயன்படுத்திற்று. பூமியில் அச்செய்தியைப் பிரித்த பொறியும் இவ்விரைவுக் கணக்காலேயே இயங்கியது.

டானியல்சனும் லான்ட்சோஷும்

1942-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டானியல்சன், லான்ட்சோஷ் என்னும் இருவர், நீர்மங்களில் எக்ஸ் கதிர் சிதறும் வகையை ஆராயும்போது பூரியர் கணக்கைப் பாதி பாதியாக்கும் வழியை வெளியிட்டனர். 8 கெழுக்களுக்கு 10 நிமிடம், 16-க்கு 25, 32-க்கு 60, 64-க்கு 140 நிமிடம் ஆகும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். பழைய வழியில் அளவு இரட்டிக்கும்தோறும் நேரம் நான்கு மடங்காகும். 10 நிமிடத்தில் தொடங்கிய வேலை 640 நிமிடத்தில் முடியும். ஒரு முழு நாள் வேலை இரண்டரை மணிக்குள் அடங்கிற்று.

டானியல்சன் என்றால் டானியலின் மகன். வட ஐரோப்பிய நாடுகளில் ஒருகாலத்தில் இது தலைமுறைதோறும் மாறிவந்தது. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோர்க்கு அவ்வாறே. மலேசியத் தமிழரின் பெயரில் ‘அனாக் லெலாக்கி’ என்பதன் சுருக்கத்தை அடுத்துத் தந்தை பெயர் நிற்பதும் இவ்வகையே. மாறிவந்த பெயர் ஒரு தலைமுறையில் உறைந்து நின்றுவிட்டால் அது குடும்பப் பெயராகிறது.

லான்ட்சோஷின் வரலாறு வேறு. அவர் 1893-இல் ஹங்கேரியில் லோவி என்னும் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹாப்ஸ்பர்க் பேரரசின் யூதர்கள் நிலையான ஜெர்மானியக் குடும்பப் பெயர் கொள்ள வேண்டும் என்று பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-இல் ஆணையிட்டிருந்தார். பிற்காலத்தில் ஹங்கேரிய தேசிய உணர்வு ஓங்கியபோது பல குடும்பங்கள் அப்பெயர்களை விடுத்து ஹங்கேரியப் பெயர் பூண்டன. லோவி லான்ட்சோஷ் ஆனதும் அவ்வாறே. அரசு வேண்டியபோது ஒரு பெயர். தேசியம் வேண்டியபோது மற்றொரு பெயர்.

அணுகுண்டும் ஐந்து பக்கமும்

1963-இல் கையெழுத்தான உடன்படிக்கை வானிலும் கடலிலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடுத்தது. நிலத்தடிச் சோதனையை அது தடுக்கவில்லை. மண்ணுக்கடியில் வெடித்த குண்டையும் இயல்பான நிலநடுக்கத்தையும் வேறுபடுத்திக் காண்பது அன்று அரிதாயிருந்தமை அதற்கு ஒரு காரணம். அதிர்வுப் பதிவுகளை அலைவெண் வாரியாகப் பகுத்தால் வேறுபாடு புலப்படும். ஆனால் பதிவுகளோ மிகப் பல.

அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டமொன்றில் கணித அறிஞர் ஜான் டூக்கி தாளில் இக்கணக்கைக் குறித்துக்கொண்டிருந்தார். அருகிருந்த ரிச்சர்ட் கார்வின் அதன் பயனை உடனே உணர்ந்தார். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் கூலேயிடம் சென்று, கணிப்பொறிக்கு ஏற்றவாறு அதனை எழுதித் தருமாறு வேண்டினார். ஹீலியம் படிகம் பற்றிய ஆராய்ச்சிக்கு என்றே கூலேயிடம் சொல்லப்பட்டது. கூலே, டூக்கி இருவர் பெயரிலும் 1965 ஏப்ரலில் ஐந்து பக்கக் கட்டுரை வெளிவந்தது. இதற்குக் காப்புரிமை கோராமல் உலகுக்குப் பொதுவாக விட்டமையால், சில ஆண்டுகளில் நிலநடுக்கவியல், ஒலியியல், மருத்துவம் எனப் பல துறைகளிலும் பரவிற்று.

அக்கட்டுரை 1958-இல் குட் என்பவர் எழுதிய கட்டுரையைச் சுட்டியது. குட் இலண்டனில் பிறந்த போலந்து யூதர்; இயற்பெயரில் குடும்பப் பெயர் குடாக். இரண்டாம் உலகப்போரில் டூரிங்குடன் பகைவர் மறைகுறிகளை உடைத்தவர். ‘நல்லது’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகக் குடாக் மாறியதில் அன்னிய மண்ணில் வேரூன்ற விழைந்த ஒரு குடும்பத்தின் முயற்சி தெரிகிறது.

எல்லாருக்கும் முன்னோர்

கூலே-டூக்கி முறை என்று உலகம் அழைத்த இக்கணக்கின் வேரோ இன்னும் ஆழத்தில் இருந்தது. ஜெர்மானியக் கணித மேதை காஸ், 1805-ஆம் ஆண்டளவில், பல்லாஸ் முதலிய சிறுகோள்களின் பாதையைக் கணிக்கும்போது, 12 அளவுகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கணக்கிடும் இதே வழியைக் கண்டிருந்தார். பூரியர் தம் கட்டுரையை அளிப்பதற்கே ஈராண்டு முந்தியது இது! ஆனால் காஸ் அதனை வெளியிடவில்லை. அவர் மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1866-இல், தொகுப்பு நூலில் இலத்தீன் மொழியில் அது அச்சேறிற்று. கோல்ட்ஸ்டைன் என்பார் 1977-இல் இதனைச் சுட்டிக்காட்டினார். 1984-இல் மூவர் எழுதிய ஆய்வு இதனை விரிவாக நிறுவிற்று.

நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வழி பயன்படாமற் கிடந்ததற்குக் காரணங்கள் உண்டு. இலத்தீனும் பழைய குறியீடுகளும் பிற்காலத்தார்க்கு எளிதில் விளங்கவில்லை. அதனினும் பெரிய காரணம், ஆயிரக்கணக்கான அளவுகளைச் சேர்க்கும் கருவியும் கணிக்கும் பொறியும் அன்று இல்லாமை. பன்னிரண்டு அளவுகளுக்கு இவ்வுபாயம் சிறு வசதி மட்டுமே.

கூலேயும் டூக்கியும் பிறர் கண்டதைக் கவர்ந்தவரல்லர், தாமே கண்டனர். அதற்கும் மேலாக, டானியல்சனும் லான்ட்சோஷும் முன்னரே கண்ட செய்தி தெரியவந்தபோது, 1967-இல் கூலேயே வேறிருவருடன் சேர்ந்து வரலாற்றுக் கட்டுரை எழுதி அவர்களுக்குரிய சிறப்பை அளித்தார். அறிஞர்க்கு அழகு இதுவே.

ஒரு முறைக்கு வழங்கும் பெயரும் ஒரு குடும்பத்துக்கு வழங்கும் பெயரும் ஒருவகையில் ஒப்புமையுடையவை. இரண்டும் நீண்ட வரலாற்றில் ஏதோ ஒரு கட்டத்தில் பதிவேட்டில் ஏறி உறைந்தவை. அதற்கு முந்திய உழைப்பையும் பயணத்தையும் அவை தாமாகச் சொல்வதில்லை. பெயரோடு நின்றுவிடாமல் அதன் பின்னுள்ளாரைத் தேடி அறிந்து மாணவர்க்குச் சொல்லுதல் கற்றோர் கடன். அக்கடனை ஆற்றாவிடில், வாயிலருகே வாழ்ந்தவரும், அந்நியர் எனப்பட்டவரும், பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தவரும் சேர்ந்து கட்டிய ஓர் அறிவு, ஓரிருவர் பெயருக்குள் அடங்கிவிடும்.