சுவரில் ஒரு முகம், உறையில் ஒரு முகம்

சினிமாக் கொட்டகையில் ஒரு படத்தைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தவர், சில காலம் கழித்து அதன் வீடியோ கஸெட்டையோ இசைத்தட்டுப் போன்ற டி.வி.டி.யையோ ஆவலுடன் வாங்கி வருகிறார். உறையைப் பார்த்ததும் திகைக்கிறார். தெருச் சுவரில் கண்ட அந்த அழகிய சித்திரம் எங்கே? அது இருந்த இடத்தில் கதாநாயகரின் முகம் மட்டும் பூதாகரமாய் நிற்கிறது! "இது என்ன அநியாயம்?" என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அதற்குரிய விடையோ சற்று நீளமானது.

முதற் காரணம் அளவு. அமெரிக்கக் கொட்டகைகளில் நெடுங்காலம் வழங்கி வந்த விளம்பரத் தாள் 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்டது. வீடியோ கஸெட் உறையின் முகப்போ ஏறக்குறைய 4 அங்குல அகலமும் ஏழரை அங்குல உயரமுந்தான். பரப்பளவில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை. பரந்த பாலைவனத்தின் நடுவே தன்னந்தனியாக ஒரு மனிதன் நிற்பதைப் பெரிய தாளில் தீட்டினால், அதன் கம்பீரம் தெருவின் எதிர்ச் சாரியிலிருந்தே தெரியும். அதையே சுருக்கி உறையில் அச்சிட்டால் பாலைவனம் மஞ்சள் கறையாகும்; மனிதன் எறும்பாவான். ஆகவேதான் முகங்கள் பெருத்தன, எழுத்துக்கள் தடித்தன.

இரண்டாவது காரணம் காலம். 1976-ம் வருஷத்தில் ஜப்பானில் ஜே.வி.ஸி. கம்பெனியார் வி.எச்.எஸ். என்னும் கஸெட் முறையை வெளியிட்டார்கள். மறு வருஷமே அமெரிக்காவில் மாக்னடிக் வீடியோ என்ற கம்பெனி, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படங்களில் ஐம்பதுக்கு உரிமை பெற்று விற்கத் தொடங்கியது. அவற்றில் பல ஏற்கெனவே கொட்டகைகளில் ஓடி முடிந்தவை. இவ்வாறு பழைய படம் புது உறையில் வரும்போது, அன்று சிறு வேஷத்தில் நடித்தவர் இன்று பெரிய நட்சத்திரமாயிருக்கலாம். அவர் முகம் முன்னால் வந்து விடுகிறது. நடிகரின் பெயரும் உருவமும் எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்று ஒப்பந்தங்கள் வேறு வரையறுக்கின்றன. படத்தின் உரிமையை வாங்கியவருக்கு, ஓவியர் தீட்டிய விளம்பரச் சித்திரத்தின் உரிமையும் கிடைத்தே தீரும் என்பதில்லை.

சில சமயம் பெயரே பின்னுக்குப் போய்விடும். 2014-ல் டாம் குரூஸ் நடித்து வெளிவந்த "எட்ஜ் ஆஃப் டுமாரோ" என்ற படத்துக்கு, அமெரிக்கக் கொட்டகைகளில் எதிர்பார்த்த வரவேற்புக் கிட்டவில்லை. வீட்டு உபயோகத்துக்கு வெளியிட்டபோது, விளம்பர வாசகமாயிருந்த "லிவ், டை, ரிப்பீட்" என்னும் மூன்று சொற்களைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, உண்மைப் பெயரைச் சிறிதாக்கி விட்டார்கள்!

இவையெல்லாம் வியாபார யுக்திகள் என்று சிரித்து விட்டுவிடலாம். ஆனால் உறைச் சித்திரம் ஒரு தேசத்தின் சட்டத்தையே மாற்றத் துணைபுரிந்த கதையும் உண்டு.

பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றி உலகத்துக்கெல்லாம் உபதேசம் செய்த இங்கிலாந்தில், 1980-ஐ அடுத்த வருஷங்களில் வீடியோக் கடைகள் மூலைக்கு மூலை முளைத்தன. கொட்டகைப் படங்களுக்குத் தணிக்கை உண்டு. கஸெட்டுகளுக்கோ அப்போது அத்தகைய கட்டாயம் கிடையாது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் தயங்கி நின்ற வேளையில், சிறு வியாபாரிகள் மலிவான படங்களை வாங்கிக் கடைகளை நிரப்பினார்கள். அந்தப் படங்களில் பெயர் பெற்ற நட்சத்திரம் இல்லை. பத்திரிகை விமரிசனமும் இல்லை. அலமாரி முன் நிற்பவரின் கையைப் பிடித்து இழுக்க உறை ஒன்றுதான் உண்டு.

1979-ல் ஏபல் ஃபெராரா எடுத்த "தி டிரில்லர் கில்லர்" அத்தகைய படம். நியூயார்க் நகரில் வாடகைப் பாக்கியாலும் அண்டை வீட்டுச் சங்கீத கோஷ்டியின் இரைச்சலாலும் சித்தம் கலங்கும் ஓர் ஓவியனின் கதை அது. 1982-ல் இங்கிலாந்தில் வந்த உறையிலோ, ஒருவனது நெற்றியைத் துளையிடும் கருவி குடைகிறது, இரத்தம் வழிகிறது. அதே சித்திரம் பத்திரிகை விளம்பரமாகவும் வந்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் சபைக்குப் புகார்கள் போயின. அந்தக் காட்சி படத்தில் உள்ளதுதான். ஆயினும் கதையின் ஒரு கணத்தை எடுத்து, முழுக் கதையும் இதுவே என்று உறை கூவிற்று.

படத்தைப் பாராதவர்களும் உறையைப் பார்த்தார்கள். பத்திரிகைகள் கொதித்தன, போலீஸார் கடைகளில் புகுந்து கஸெட்டுகளைக் கைப்பற்றினார்கள். அரசாங்கப் பிராஸிக்யூஷன் அதிகாரி தயாரித்த ஜாபிதாவில் பல சமயங்களில் சேர்ந்தவை மொத்தம் 72 படங்கள். அவற்றுள் 39 படங்கள் கோர்ட்டில் குற்றமுள்ளவையாகத் தீர்க்கப்பட்டன. 1984-ல் வீடியோப் பதிவுச் சட்டம் பிறந்தது. தணிக்கைச் சபையின் சான்றில்லாமல் திரைப்படக் கஸெட்டை விற்பதும் வாடகைக்கு விடுவதும் குற்றமாயின. "டிரில்லர் கில்லர்" வெட்டின்றி அங்கே வெளிவர 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விற்பனைக்காகப் போட்ட கூச்சலே விற்பனைக்கு விலங்கு பூட்டிற்று!

உறைகள் எல்லாம் இப்படி அல்ல. 1984-ல் தோன்றிய கிரைட்டீரியன் கம்பெனியார் சிறந்த படங்களுக்குத் தக்க ஓவியர்களைக் கொண்டு புதிய முகப்புகள் தீட்டச் செய்து வருகிறார்கள். அவற்றை வாங்குகிறவர் படத்தின் அருமையை அறிந்தவர். அவரிடம் கூவ வேண்டியதில்லை.

இப்போது கஸெட்டும் கடையும் பெரும்பாலும் மறைந்து விட்டன. ஆனால் உறை மறையவில்லை. கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கித் திரையில் மின்னுகிறது. 2017-ல் நெட்ஃப்ளிக்ஸ் கம்பெனியார் தங்கள் முறையை விளக்கினார்கள். "குட் வில் ஹண்டிங்" படத்தைக் காதற் கதைப் பிரியருக்குக் காட்டும்போது காதலர் இருவரின் படம். ஹாஸ்யப் பிரியருக்கு ராபின் வில்லியம்ஸின் படம்! ஒரே வீட்டில் தாய்க்கு ஒரு முகமும் மகனுக்கு ஒரு முகமும் தோன்றக்கூடும்.

சுவரொட்டி ஊருக்கெல்லாம் பொதுவாய்ப் பேசியது. உறையோ நம் ஒருவர் காதோடு பேசுகிறது. காதோடு பேசுகிறவரிடம் சற்று எச்சரிக்கையாயிருப்பது குடும்பஸ்தர்களுக்குப் புதிய பாடமா, என்ன?