கல்வெட்டின் எந்த வரி கதையாகிறது? கல்கியும் தமிழ் வரலாற்றுப் புனைவும்

தமிழில் வரலாற்றுக் காதல் புனைவுக்கு நிலையான வடிவம் தந்தவர் கல்கி. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய தொடர்கதைகள் அவ்வடிவத்தை வகுத்தன: கல்வெட்டில் ஒரு பெயர், அரண்மனைச் சதி, மாறுவேடம், சுரங்கவழி, வீரனுக்கும் இளவரசிக்கும் இடையே காதல். சாண்டில்யனும் விக்கிரமனும் பிறரும் அதைத் தத்தம் வழியில் தொடர்ந்தனர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மணிரத்னத்தின் திரைப்படங்கள் அதைப் புதிய தலைமுறையிடம் சேர்த்தன. சோழர் காலத்தைப் பலரும் அறிவது இவ்வழியாகத்தான்.

இப்புனைவு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே நம் கேள்வி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் எனக் குறிப்பிடுகிறது. அச்சில சொற்களிலிருந்து ஐந்து பாகங்களில் உலவும் நாயகனைக் கல்கி படைத்தார். அதே கோயிலின் கல்வெட்டுகளில், வரிநீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு ஆகிய சொற்கள் இடம்பெற்றுள்ளன. வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் உள்ளன. சேரியில் வாழ்ந்தவர் யார், அப்பெண்கள் விட்டுவந்த ஊரில் யார் இருந்தனர் என்று கற்பனை செய்யவும் இடமிருந்தது. அவ்வரிகளிலிருந்து ஒரு நாயகனோ நாயகியோ எழவில்லை. சான்று இருந்தது, அதை நோக்கிக் கற்பனை செல்லவில்லை.

எளியவருக்கு இப்புனைவில் இடமே இல்லை என்று கூறிவிட முடியாது. பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன் ‘பொன்னியின் செல்வ’னில் அரியணை ஏறுகிறான். ஆனால், அதற்குமுன் அவன் கண்டராதித்த சோழரின் மகன் என்பது வெளிப்பட வேண்டியிருக்கிறது. தகுதியைப் பிறப்பே இறுதியில் உறுதிசெய்கிறது. காந்தியவாதியான கல்கி இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று வாதிட வேண்டியதில்லை. பிறப்பின் இரகசியம் வெளிப்படுதல் இவ்வகைப் புனைவுக்கே உரிய உத்தி. சாதியச் சமூகத்தில் அவ்வுத்தி பெறும் பொருளைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இது இலக்கிய விவாதத்தோடு முடிவதன்று. 2019 ஜூனில் திருப்பனந்தாளில், இராசராசன் ஆட்சியில் தலித் மக்கள் நிலம் இழந்தது குறித்து இயக்குநர் பா. இரஞ்சித் பேசினார். அவர்மீது வழக்குப் பதியப்பட்டது. முன்பிணை கோரி அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுக நேர்ந்தது. அவர் கூற்றை மறுக்க விரும்புவோர் கல்வெட்டைக் கொண்டு மறுக்கலாம். புனைவு வளர்த்த பெருமிதம் புண்பட்டது என்பது குற்றவழக்குக்கு அடிப்படையாகலாகாது.

கல்கியை விலக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஒரு வரியிலிருந்து ஒரு மனிதரை எழுப்பும் அவரது முறை எவருக்கும் பொதுவானது. தஞ்சைக் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. கல்லூரி நூலகத்தில் அத்தொகுதியைத் தேடி எடுங்கள். பறைச்சேரி என்னும் சொல் வரும் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். எழுதப்படாத நாவல்கள் அங்கே உள்ளன.