உஷார்! வயலினோடு மலையேறுமுன் எந்த நாற்காலி என்று கேளுங்கள்

ஏப்ரல் பிறந்ததும் வாட்ஸ்ஆப்பில் வந்து விழ ஆரம்பித்துவிடும். பனிமூட்டம், பைன் மரங்கள், நடுவே வயலினும் செல்லோவுமாக நாலு பேர் சிரிக்கும் படம். 'மலையில் ஒரு வாரம் சேம்பர் மியூசிக் பயிலரங்கு. இடங்கள் குறைவு. இன்றே முந்துங்கள்!' கீழே ஒரு க்யூஆர் கோடு. படத்தில் கொடைக்கானல் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். போன் போட்டு விசாரித்தால், 'டவுன்ல இல்லீங்க, பேத்துப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்து பங்களா' என்பார்கள்.

பணத்தைத் தட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நல்ல பயிலரங்குகளும் இருக்கின்றன; இல்லை என்று சொல்லவில்லை. கொடைக்கானலுக்கு மேற்கத்திய இசை ஒன்றும் புதிதில்லை. 1901-ல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் மாதிரி இடங்களில் பியானோவும் வயலினும் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கின்றன. என் பயம் வேறு. விண்ணப்பத்தில், பெயருக்கும் வயதுக்கும் கீழே, 'எப்படிப் பங்கேற்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி இருக்கும். 'தனியாக வருகிறேன், ஒரு குழுவில் சேர்த்துவிடுங்கள்'; 'குழுவாகவே வருகிறோம்'; 'வாசிக்கவில்லை, பார்வையாளராக மட்டும்'. முக்கால்வாசிப் பேர் இதை வாசிக்காமலே முதல் கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். ஒரு வாரம் நாசமாவதற்கு அந்த ஒரு டிக் போதும். நாசமாவது உங்கள் வாரம் மட்டும் இல்லை, இன்னும் மூன்று பேருடையதும்.

ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்துப் பன்னிரண்டு வயலின்கள் வாசிக்கும். நடுவில் நீங்கள் நாலு சுரம் விட்டாலும் வில்லை மட்டும் அசைத்துக்கொண்டு தப்பித்துவிடலாம். சேம்பர் மியூசிக்கின் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் அந்தப் பாச்சா பலிக்காது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஆளுக்கு ஒரு வரி, அந்த வரிக்கு வேறு ஆள் இல்லை. நாலு பேர் சுமக்கும் பல்லக்கில் ஒருத்தர் தோளை எடுத்த கதைதான்.

பெற்றோர்கள் இங்கே பெரும்பாலும் சறுக்குவது கிரேடு சர்ட்டிஃபிகேட்டை நம்பி. 'பொண்ணு கிரேடு ஆறு பாஸ், டிஸ்டிங்ஷன்' என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பொண்ணு நாலு உருப்படியை வருஷம் முழுக்க உருப்போட்டுத் தேர்வில் பிரமாதமாக வாசித்திருப்பாள்; அதில் பொய் இல்லை. ஆனால் இசைத் தேர்வு நடத்தும் ஏபிஆர்எஸ்எம் 2020-ல் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடு தேர்வில் சைட் ரீடிங் என்ற பகுதியே கிடையாது. இன்னொரு தேர்வு அமைப்பான டிரினிட்டியிலும் ஆரம்ப கிரேடுகளில் அதை விட்டுவிட்டு வேறு சோதனைகளை எடுத்துக்கொள்ள வழி உண்டு. பயிலரங்கில் முதல் நாள் காலை ஒரு ஹைடன் குவார்டெட்டை விரித்து வைத்து, 'ம், ஆரம்பிங்க' என்பார்கள். அதுதான் சைட் ரீடிங்: முன்பின் பார்க்காத தாளை அந்த நிமிஷமே வாசிக்க வேண்டும். வாசித்துக்கொண்டே மற்ற மூவரையும் கேட்க வேண்டும். தவறிப்போனால் நிறுத்தாமல், எந்த பாரில் மறுபடி ஒட்டிக்கொள்வது என்று தேட வேண்டும். இதற்கு எந்த சர்ட்டிஃபிகேட்டும் அத்தாட்சி இல்லை. அமெரிக்காவில் 1947-ல் அமெச்சூர் சேம்பர் மியூசிக் பிளேயர்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்த அமைப்பில் உறுப்பினர்கள் தங்கள் தரத்தைத் தாங்களே ஏ, பி, சி, டி என்று எழுத்தால் குறித்துக்கொள்கிறார்கள். சி என்று போட்டுக்கொள்வதில் அங்கே யாருக்கும் மானம் போவதில்லை. நம் ஊரில் யாராவது தன் பிள்ளைக்கு சி போடுவார்களா?

அடுத்த கண்ணி வயோலா. நம் ஊரில் மேற்கத்திய இசை கற்கும் பிள்ளைகள் பியானோவையும் வயலினையுமே மொய்க்கிறார்கள். வயோலாவுக்கு ஆள் தேட வேண்டும், செல்லோவுக்கு இன்னும் அதிகமாகத் தேட வேண்டும். எட்டு வயலின் வந்து இறங்கினால் அமைப்பாளர் என்ன செய்வார்? சிரித்துக்கொண்டே வந்து, 'தம்பி, நீ கொஞ்சம் வயோலா பிடிக்கிறியா? வயலின் மாதிரிதான், சும்மா கொஞ்சம் பெரிசு' என்பார். தம்பியும் தலையாட்டுவான். தாளைத் திறந்தால் ஆல்டோ கிளெஃப். வயலின்காரர் பழகிய ட்ரெபிள் கிளெஃபில் நடுக்கோடு ஒரு சுரம், இதில் அதே கோடு வேறு சுரம். பையன் ஒவ்வொரு புள்ளியையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பான். மற்ற மூவரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். வயோலா பழகுவது நல்ல விஷயம். அதற்காக வீட்டில் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஆகவே விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்: வயலின் மட்டும். அல்லது, வயோலா சம்மதம், தாளை முன்கூட்டியே அனுப்பவும்.

பியானோக்காரர்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அங்கே இருப்பது நிஜப் பியானோவா, கீபோர்டா? நிஜப் பியானோ என்றால் கடைசியாக எப்போது சுருதி சேர்த்தார்கள்? மலை ஈரத்தில் வருஷக்கணக்கில் மூடிக்கிடந்த பியானோவோடு வயலினைச் சேர்த்து வாசிப்பது காதுக்குத் தண்டனை.

கர்நாடக வயலின்காரர்கள் சிலருக்கும் இதில் ஆசை வருகிறது. வரட்டும். பாலுசாமி தீட்சிதர் வயலினை நம் பக்கம் கொண்டுவந்து சுமார் இருநூறு வருஷம் ஆகிறது. திரும்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் ச-ப-ச-ப என்று தாழ்த்திக் கட்டியே பழகின வாத்தியத்தைக் கிளம்பும் முதல் நாள் இரவு மேற்கத்திய சுருதிக்கு முறுக்கினால் கம்பி நிலைக்காது, கம்பியைத் தாங்கும் குதிரை சாயும், மெல்லிய கம்பி அறுந்தும் போகலாம். பத்து நாள் முன்னாலேயே ஏற்றி வையுங்கள். ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்க வராது என்றால் பார்வையாளராகவே போங்கள்.

பார்வையாளர் இடத்தை யாரும் மதிப்பதில்லை. என்னைக் கேட்டால், முதல் தடவை போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஒரு ஆசிரியர் மூன்று குழுக்களை எப்படித் திருத்துகிறார் என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். வாசிப்பவருக்குத் தன் வரியைத் தாண்டிக் காது போகாது. உட்கார்ந்து கேட்பவருக்கு நாலு வரியும் கேட்கும்.

ஏற்கெனவே ஒன்றாக வாசிக்கிற நாலு பேர் இருந்தால் குழுவாகப் போவது உத்தமம். அப்போதும், நாலில் ஒருவர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று நின்றுவிட்டால் மீதி மூவரின் பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசி நாள் கச்சேரி கட்டாயமா என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1951-ல் ருடால்ஃப் செர்கின், அடால்ஃப் புஷ் போன்றவர்கள் தொடங்கிய மார்ல்போரோ இசை விழாவில் ஜாம்பவான்களும் இளைஞர்களும் சேர்ந்தே வாசிக்கிறார்கள். அங்கே ஒத்திகை பார்ப்பதில் பெரும்பகுதி மேடைக்கே வருவதில்லை. ஒரு வாரத்துக்குள் மேடையேற்றியே தீருவேன் என்கிற பயிலரங்கில், தடுமாறுகிற பிள்ளை ஆசிரியர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இதெல்லாம் சென்னையில் நடந்தாலும் பொருந்தும்தானே என்று கேட்பீர்கள். பொருந்தும். ஆனால் சென்னையில் இடம் தப்பினால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம், மாற்று ஆளைக் கூப்பிடலாம், கம்பி முறுக்கும் பிருடை உடைந்தால் கடைக்கு ஓடலாம். பேத்துப்பாறையில் எதற்கும் வழியில்லை. அஞ்சுவீடு, கணேசபுரம், பாரதி அண்ணாநகர் என்று அந்த வட்டாரம் முழுக்க யானை நடமாட்டம். வாழைத் தோட்டத்துக்குள் புகுந்து சாப்பிட்டுப் போவதும், வேலியைச் சாய்ப்பதும் அங்கே அடிக்கடி வரும் செய்தி. இருட்டினபின் ஒத்திகை ஒரு கட்டிடத்தில், படுக்கை இன்னொரு கட்டிடத்தில் என்றால், செல்லோ பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்து வழியே நடக்கப்போவது உங்கள் பிள்ளைதான். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், விளக்கு உண்டா என்று கேட்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். டென்ட் என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இசை என்ற பெயரில் என்னென்ன நடக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். 2020 பிப்ரவரியில் கொடைக்கானல் மேல்மலையில் குண்டுப்பட்டிப் பக்கம் தனியார் தோட்டத்தில் நடந்த இரவுப் பார்ட்டியில் 200-க்கும் மேற்பட்ட இளைஞர்களை போலீஸ் பிடித்தது. கூட்டம் சேர்ந்தது சமூக வலைதளம் வழியாக. சேம்பர் மியூசிக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பனிமூட்டப் படத்தை வைத்து மட்டும் எது எது என்று பிரித்துவிட முடியாது. ஆசிரியர்கள் யார், எங்கே கற்பிக்கிறார்கள், இடத்துக்கு அனுமதி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள். பணம் கட்டியபின் ஆள் மாயமானால் உடனே 1930-ஐ அழையுங்கள்; சைபர் மோசடியில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

சொந்தக் காரில் போவதென்றால் இ-பாஸ். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. பயிலரங்கு ஞாயிறு மாலை தொடங்குகிறது என்றால் சனிக்கிழமை ராத்திரி பாஸ் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசியாக வாத்தியம். மதுரை, திண்டுக்கல் வெயிலில் காய்ந்த வயலின் மலை ஈரத்துக்குள் போனதும் பிருடைகள் ஊதி இறுகிக்கொள்ளும், பலவந்தமாகத் திருகாதீர்கள். வில்லின் முடி ஈரம் குடித்து நீளும், தொய்யும். நீங்களும் திருகைச் சுற்றிச் சுற்றி இறுக்குவீர்கள். அப்படியே பெட்டியில் வைத்துக் கீழே இறங்கினால் அந்த முடி வெயிலில் காய்ந்து சுருங்கும். வில்லின் தலையே உடைந்து போகலாம். இறங்குமுன் வில்லைத் தளர்த்துங்கள். வயலினை ஒட்டப் பயன்படும் பசை சூட்டில் இளகும் வகை என்பதால் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுப் போகாதீர்கள். வழியில் வத்தலக்குண்டில் சாப்பிட இறங்கினால் பெட்டியும் உங்களோடு ஹோட்டலுக்குள் வந்து ஒரு நாற்காலியில் உட்காரட்டும். சர்வர் முறைத்தால் முறைக்கட்டும்.