தூண்டில்காரர் நோட்டும் காவிரி மீன் ஆராய்ச்சியும்

காவிரியில் எந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பாறையும் சுழலும் ஆழ்மடுவும் நிறைந்த இடங்களில் வலை வீசிக் கணக்கிட முடியாது. ஆராய்ச்சியாளர் ஆண்டில் சில நாட்களே ஆற்றுக்கு வருகிறார். நாள்தோறும் ஆற்றைப் பார்ப்பவர்கள் கரையோர விவசாயிகளும், பரிசல்காரர்களும், சேலம் அஸ்தம்பட்டி போன்ற இடங்களிலிருந்து விடுமுறை நாளில் மேட்டூர், பூலாம்பட்டி என்று தூண்டிலோடு கிளம்பும் அன்பர்களுமே. இவர்கள் எழுதி வைக்கும் இரண்டு வரி ஆராய்ச்சிக்கு எவ்வளவு உதவும் என்பதற்குக் காவிரியிலேயே சான்று உண்டு.

ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பகுதியில் காலிபோர் என்ற இடத்தில் மஹ்சீர் என்னும் பெருஞ்செதில் கெண்டையைத் தூண்டிலில் பிடித்து, எடை பார்த்து, மீண்டும் ஆற்றிலேயே விட்டு வந்தார்கள். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன் கிடைத்தது, எடை என்ன என்பவை அன்றன்றே பதிவாயின. 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத்தில் 6,161 மீன்கள். அதாவது ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்கு ஒரு மீன். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள்.

முடிவு வியப்பானது. மணிக்குக் கிடைத்த மீனின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடியிருந்தது. சராசரி எடையோ குறைந்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆறு செழிப்பாக இருக்கிறது என்றே தோன்றும். இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெருகியது நீலத் துடுப்பு மஹ்சீர். இதன் குஞ்சுகள் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. காவிரிக்கே உரிய, ஆரஞ்சுத் துடுப்பும் திமிலும் கொண்ட இனமோ அருகிப்போயிருந்தது. நல்ல எண்ணத்தில் விட்ட குஞ்சு, வீட்டுக்காரனையே வெளியே தள்ளிய கதை இது.

திமில் மஹ்சீர் 50 கிலோவையும் தாண்டி வளரும். அப்படியிருந்தும் அதன் அறிவியல் பெயர் 2018 வரை உறுதியாகவில்லை. அமராவதியில் சேரும் பாம்பாற்றில் முன்பே விவரிக்கப்பட்ட 'டோர் ரேமாதேவி' என்ற இனமே இது என அவ்வாண்டில் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிகவும் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. நம் மாநிலத்தில் மாயாற்றில் இது இன்னும் இருக்கிறது.

காலிபோரில் தூண்டில் மீன்பிடிப்பு 2012-இல் வனவிலங்குச் சட்டத்தின்படி நின்றது. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் கணக்கும் அத்துடன் நின்றுவிட்டது. ஆள் நடமாடும் கரையில் வெடி வீசுபவன் சற்றுத் தயங்குவான் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

எப்படி எழுதுவது?

பள்ளி நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், தூண்டில் போட்ட நேரம், எடுத்த நேரம், கிடைத்த மீன், நீளம், எடை. ஒன்றும் கிடைக்காத நாளையும் தவறாமல் எழுத வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஐந்து மீன் என்பது இரண்டு மணி நேரத்தில் கிடைத்ததா, இருபது மணி நேரத்தில் கிடைத்ததா என்று தெரியாவிட்டால் அந்த ஐந்துக்குப் பொருளே இல்லை. வெறுங்கையோடு திரும்பிய நாட்களை மறைத்தால், மீன் குறைந்து வரும் ஆறும் நிறைந்த ஆறுபோலத் தோன்றும்.

திமில் மஹ்சீர் தற்செயலாகச் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்துத் தூண்டிலைக் கழற்றுங்கள். கைப்பேசியில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து உடனே விட்டுவிடுங்கள். இறந்து கரை ஒதுங்கியிருந்தால் நான்கைந்து செதில்களைக் கழுவி உலர்த்தித் தாளுறையில் வைக்கலாம். மரத்தின் ஆண்டு வளையம் போலச் செதிலிலும் வளையம் உண்டு. வயதை அதில் கணிப்பார்கள்.

தூண்டில் போடாத விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால் நாள், இடம், நீரின் நிறம், அருகே மருந்து அடித்திருந்தார்களா என்பதைக் குறித்து, மேட்டூர் அணை மீன்வளத் துறை அலுவலகத்திற்கு அன்றே தெரிவிக்க வேண்டும். மறுநாள் நீர் மாதிரி எடுத்துப் பயனில்லை. மருந்துத் தெளிப்பானை ஆற்றிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். பண்ணைக்குட்டையில் வளர்க்கும் வெளியூர் மீன்கள் மழை வெள்ளத்தில் ஆற்றுக்குப் போய்விடாதபடி வடிகாலில் நெருக்கமான கம்பி வலை பொருத்துங்கள்.