மூலை மழுங்காத அட்டை

பரணில் பழைய தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். தொண்ணூறுகளில் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள் அதில் கிடக்கலாம். சேகரிப்பவர்கள் வீரரை மட்டும் பார்ப்பதில்லை. மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. அட்டையை ஆராய்ந்து பத்துக்கு மதிப்பெண் போடுகின்றன. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேண்டில் பேஸ்பால் அட்டை ஒன்று 9.5 பெற்று, 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கசங்கிய அதே அட்டைக்கு இதில் சிறு பங்குதான் கிடைக்கும்! ஆகவே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், விளிம்பில் தடம் விழும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒட்டினால் அட்டையைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது.